பீஸ் கணக்கும் மனசுக் கணக்கும்

திருப்பூர் பக்கம் மங்கலத்தில் ஒரு தெருவில் விசைத்தறி, அடுத்த தெருவில் பனியன் கம்பெனி. தறியில் மீட்டர் கணக்கு, கம்பெனியில் பீஸ் கணக்கு. அந்தக் கணக்கு குறையும்போது, 'நாம எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் வேலையில் தொடங்கி வீடுவரை வந்துவிடுகிறது. அதை வளர்க்கும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சனிக்கிழமைச் சம்பளம் குறைந்தால், குறை என்னிடம்தான்.

உண்மை: ஓவர்லாக் டைலர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும், கட்டிங்கிலிருந்து பண்டல் வந்தால்தான் பீஸ் ஏறும். ரவுண்ட் நெக் தைத்துப் பழகிய கைக்குத் திடீரென்று காலர் வைத்த டி-சர்ட் வந்தால், முதல் சில நாள் எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நிறுத்தப்பட்டன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்கள் அடிவாங்கின. அப்போது வருமானம் இழந்தவர்கள் திறமையை இழந்துவிடவில்லை. தன்னைத் திட்டிக்கொள்ளும் முன், குறைந்தது வேலையா, கை வேகமா என்று பிரித்துப் பாருங்கள். கை வேகம் என்றால் பழகிக்கொள்ளலாம்.

நம்பிக்கை 2: சேக்காளிகள் எல்லாரும் முன்னேறிவிட்டார்கள், நான்தான் பின்தங்கிவிட்டேன்.

உண்மை: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புதுமனை புகுவிழாப் படம் வரும், வீட்டுக்கடன் தவணை வராது. நண்பர்களின் எண்ணிக்கையை ஒப்பிடும்போதும் இப்படி ஒரு மயக்கம் வரும். சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்டு 1991-இல் ஒரு விநோதத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: பெரும்பாலானவர்களின் நண்பர்களுக்கு, அவர்களைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள். நிறைய பேரைத் தெரிந்தவர்தான் நிறைய பேரின் பட்டியலில் இடம்பெறுவார் என்பதே காரணம். 'எனக்குத்தான் ஆளில்லை' என்று பலருக்கும் தோன்றுவதில் இதற்கும் பங்குண்டு.

நம்பிக்கை 3: மனைவி கூடுதலாகச் சம்பாதித்தால் புருஷனுக்கு மதிப்பில்லை.

உண்மை: பனியன் தொழிலில் ஆணும் பெண்ணும் உழைக்கும் வீடுகள் ஏராளம். ஒருவருக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் இன்னொருவருக்கு வேலையே இருக்காது. பல வீடுகளில் சண்டை மூட்டுவது தொகையைவிட, அதை மறைக்கக் காட்டும் எரிச்சல்தான். "இந்த வாரம் வேலை கம்மி புள்ள, அதான் மனசு சரியில்ல" என்று வாய்விட்டுச் சொல்பவரின் கோபம் சாப்பாட்டுத் தட்டின்மேல் பாயாது.

நம்பிக்கை 4: 'நான் அருமையானவன்' என்று தினமும் சொல்லிக்கொண்டால் போதும்.

உண்மை: கனடாவின் உளவியலாளர் ஜோன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே தன்மதிப்பு குறைந்தவர்கள் இப்படிச் சொன்னபோது மனநிலை இன்னும் மோசமானது. மனம் நம்பாத புகழ்ச்சியைவிட, இன்று முடித்த ஒரு வேலையை நினைத்துப் பார்ப்பது மேல்.

தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.