ஓய்வும் அதன் தேர்வும்

ஓய்வுக் காலத்துச் செயல்களைக் குறித்தற்குத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் ‘பொழுதுபோக்கு’ என்பது இன்று யாவர் நாவிலும் பயில்வது. பொழுது தானே போவது. அதனை ஒருவர் முயன்று போக்க வேண்டுவதில்லை. ஆதலின் அச்சொல், ஓய்வினை ஒரு சுமையாகவும், அச்சுமையை எவ்வாறேனும் இறக்கி வைத்தலே செயலாகவும் காட்டி நிற்கின்றது. ‘விளையாட்டு’ என்பது பழமை வாய்ந்த சொல். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கு கூறுமிடத்து, செல்வம், அறிவு, காதலர் கூட்டம் ஆகியவற்றோடு விளையாட்டினையும் ஒருங்கு வைத்து எண்ணினார். விளையாட்டுச் சிறுவர்க்கே உரியது, வளர்ந்தார்க்கு வேண்டாதது என்னும் எண்ணம் அவர்க்கில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது சொல் ‘ஓய்வு’. இதன் பகுதி ‘ஓய்’ என்பது. உரியியலில் ஆசிரியர், ஓய்தல் என்னும் சொல்லுக்கு முன்பு உள்ளதொரு பொருள் குறைந்து நுணுகுதல் என்னும் கருத்துப்படப் பொருள் கூறினார். இஃது ஆழ்ந்து எண்ணற்பாலது. நாள் முழுதும் உழைத்தவன் மாலையில் ‘ஓய்ந்து போனேன்’ என்கின்றான். அவன்பால் காலையில் நிறைந்திருந்த ஏதோ ஒன்று மாலையிற் குறைந்துவிட்டது. அக்குறையை நிரப்பிக் கொள்ளும் காலமே ஓய்வு. ஆகவே ஓய்வைத் தேர்வார் முதற்கண் வினவ வேண்டுவது, ‘எங்குச் செல்வோம்? எதனை வாங்குவோம்?’ என்பதன்று, ‘நம்பால் ஓய்ந்தது யாது?’ என்பதேயாம். இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு, மலைப்பயணம் முதல் வீட்டுத் திரையில் ஆடும் வீடியோ விளையாட்டு ஈறாக உள்ளனவற்றை நம் திருப்பூர்ப் பகுதியின் வாழ்க்கையோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓய்வுக்குரிய காலம்

ஓய்வுக்கு முதற்பொருள் காலம். அஃது இந்நாட்டுத் தொழிலாளர்க்கு எளிதிற் கிட்டியதன்று. 1881 இல் இயற்றப்பட்ட முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயது நிரம்பிய சிறாரையும் நாளொன்றுக்கு 9 மணி நேரம் வேலை வாங்க இடந் தந்தது. வளர்ந்தார்க்கோ வரம்பே விதித்திலது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பார் முன்னின்று நடத்திய முயற்சியால் 1890 இல் ஆலைத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைப் பெற்றனர். பின்னர் 1911 இல் நெசவாலை ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி என்றும், 1922 இல் வாரத்திற்கு 60 மணி என்றும், 1934 இல் 54 மணி என்றும், 1946 இல் 48 மணி என்றும் வேலைநேரம் படிப்படியாகக் குறைந்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த 48 மணியையே நிலைநிறுத்திற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில மாலைப் பொழுதுகளும் தொழிலாளர் கைக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்க.

இனி, நம் ஊரின் கணக்கைப் பார்ப்போம். பனியன் கம்பெனிகளில் காலை எட்டரை மணியளவில் தொடங்கி மாலை ஐந்தரை மணியளவில் முடிவது ஒரு ஷிப்டு. இரவு வரை நீண்டு 12 மணி நேரம் ஆயின் அஃது ஒன்றரை ஷிப்டு. கூலியும் அக்கணக்கிலேயே வழங்குவதால், வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் நெருக்குங்கால் ஒன்றரை ஷிப்டையே பலரும் நாடுவர். சரக்கைக் கப்பலேற்றும் நாள் நெருங்கினாலும் அதுவே வழக்கமாகிவிடும். வாரத்திற்கு மணி 168. ஆறு நாள் ஒன்றரை ஷிப்டு உழைத்தார்க்கு அதில் 72 மணி கழியும். நாளொன்றுக்கு 7 மணி உறக்கம் எனக் கொள்ளின் 49 கழியும். சமையல், உணவு, குளியல், போக்குவரவு ஆகியவற்றிற்கு நாளொன்றுக்கு 5 மணி எனின் 35 கழியும். எஞ்சுவன 12 மணியே. அயல்நாட்டார் ஓய்வுக் காலத்தில் உடுக்கும் டி-சட்டையையும் விளையாட்டு உடையையும் தைத்து அனுப்பும் ஊரில், தைத்தவர்க்கு எஞ்சும் ஓய்வு இவ்வளவே. சிறிதாயிருத்தலானே அதனை ஆராய்ந்து தேர்தல் இன்றியமையாததாயிற்று. செல்வம் மிக்கவன் ஒரு காசை இழப்பதற்கும் வறியவன் ஒரு காசை இழப்பதற்கும் உள்ள வேறுபாடு இதனிலும் உண்டு.

தேர்தற்குரிய மூன்று வினாக்கள்

முதல் வினா முற்கூறியதே: ஓய்ந்தது யாது? எல்லா உழைப்பும் ஒன்றையே குறைப்பதில்லை. ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களில் அமர்ந்து தைப்பார்க்கு முதுகும் கழுத்தும் ஓய்கின்றன. இடையறா ஓசையாற் செவியும் ஓய்கின்றது. செக்கிங் பகுதியில் துணியின் பழுது நோக்குவார்க்குக் கண் ஓய்கின்றது. அயர்ன் மேசையில் நிற்பார்க்குக் கால் ஓய்கின்றது. வெம்மையால் உடல் முழுதும் வாடுகின்றது. கைமடிக்கும் இளையோர்க்கு ஒரே செயலை ஓராயிரம் முறை செய்தலால் கருத்து ஓய்கின்றது. ஏற்றுமதி அலுவலகத்தில் கணினியின் முன்னமர்ந்து ஆர்டர் பார்ப்பார்க்கு மனம் ஓய்கின்றது; உடலோ அசைவின்றி மரத்துக் கிடக்கின்றது. மாணவராகிய நமக்கும் பெரும்பான்மையும் இதுவே நிலை.

இங்ஙனம் ஓய்ந்தவை வெவ்வேறாதலின், அவற்றை நிரப்புவனவும் வெவ்வேறாதல் வேண்டும். அமர்ந்து தைத்தார்க்கு நடையும், ஓசையில் உழன்றார்க்கு அமைதியும், தனித்து உழைத்தார்க்குக் கூட்டமும், கூட்டத்தில் அலைந்தார்க்குத் தனிமையும் மருந்தாம். ஒருவர்க்கு உகந்தது மற்றொருவர்க்கு உகவாமை குற்றமன்று. பலரும் செய்வதொன்றைத் தாமும் செய்தல் ஓய்வாகும் என்று எண்ணுதலே குற்றம்.

இரண்டாவது வினா: பெறுவதனினும் செலவு மிகுமோ? செலவு என்னுங்கால் பணத்தை மட்டும் எண்ணலாகாது. செல்லும் வழியில் இழக்கும் மணிகளும், திரும்பிய மறுநாட் காலையில் உடல் இருக்கும் நிலையும் அக்கணக்கில் அடங்கும். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு முன்னினும் சோர்ந்து நிற்குமாறு செய்யும் ஞாயிற்றுக்கிழமை, நிரப்பிய நாளன்று; இன்னும் குறைத்த நாளாம்.

மூன்றாவது வினா: நாம் ஓயுங்கால் நமக்காக உழைப்பவர் யார்? பனியன் கம்பெனிகளில் உழைப்போருள் பெண்டிர் மிகப் பலர். ஆறு நாள் மெஷினில் அமர்ந்த தாய்க்கு ஏழாம் நாள் துணி துவைத்தலும், கறி சமைத்தலும், வீடு கழுவுதலுமாகக் கழிகின்றது. ஏனையோர் திரைமுன் அமர்ந்து மகிழ்கின்றனர். அவ்வீட்டில் ஓய்வுநாள் வந்தது என்று எங்ஙனம் கூறுவது? வேதாகமத்தில் உபாகமம் என்னும் நூல், ஓய்வுநாட் கட்டளையைக் கூறுமிடத்து, வேலைக்காரனும் வேலைக்காரியும் வீட்டுத் தலைவனைப் போன்றே இளைப்பாறுதல் வேண்டும் என்பதைத் தனித்தெடுத்து வலியுறுத்துகின்றது. எருதும் கழுதையும் அதற்குப் புறம்பல்ல. பிறர் உழைப்பின்மேல் அமர்ந்து கொள்வது ஓய்வன்று என்னும் கருத்து அவ்வளவு பழமையானது. குடும்ப ஓய்வைத் தேர்வார், அதில் தாயின் பங்கு யாதென முதலில் வினவுவாராக.

மலைப்பயணம்

இம்மூன்று வினாக்களையும் மலைப்பயணத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819 இல் நீலமலை ஏறினார். தோடரும் கோத்தரும் படகரும் வாழ்ந்த அம்மலையில் உதகை நகரம் எழலாயிற்று. கொடைக்கானலில் 1845 இல் முதல் மாளிகைகளை எழுப்பியோர் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர். சமவெளியின் வெப்பத்தாலும் நோயாலும் தம்முட் பலரை இழந்த அவர்கள், உயிர் காக்கும் பொருட்டே மலையை நாடினர். எனவே மலைவாழ்வு தொடக்கத்தில் மருந்தாயிருந்து, பின்னரே கேளிக்கையாயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899 இலும், உதகை வரை 1908 இலும் ஓடத் தொடங்கிய பற்சக்கர ரயில், 2005 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அவ்வழி 46 கிலோமீட்டரே. ஏறுதற்கோ ஏறத்தாழ 5 மணி நேரமாகும். அம்மெதுவே அதன் இன்பம்.

ஆயின் வாரத்தில் 12 மணியே உடையார்க்கு அவ்வின்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்குவதன்று. கோடையில் மலைச்சாலையில் வண்டிகள் நெருங்கியமையால், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வார் இ-பாஸ் பெறுதல் வேண்டும் என்னும் முறை வந்தது. அமைதியை நாடிச் சென்றவர் வண்டி வரிசையின் நடுவே ஹாரன் ஒலியைக் கேட்டுத் திரும்புதல் வீண் முயற்சியன்றோ? தீபாவளி, பொங்கல் முதலிய நீண்ட விடுமுறைகளில், இரண்டு மூன்று நாள் தங்கும் வாய்ப்புடையார்க்கு மலை சிறந்தது. ஒரு நாளே உடையார் அண்மையில் உள்ளதனை நாடுக.

அண்மையில் யாது உளது எனின், ஊத்துக்குளிச் சாலைப் பக்கத்து நஞ்சராயன் குளம் உளது. 2022 இல் தமிழ்நாட்டின் 17 ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இக்குளம், 2024 ஆகஸ்டில் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ஏறத்தாழ 190 பறவையினங்கள் ஈண்டுக் காணப்பட்டுள்ளன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தும் அவற்றுள் ஒன்று. அத்துணைத் தொலைவு பறந்து வரும் பறவை தன் ஓய்வுக்குத் தேர்ந்த இடத்தை, பஸ்ஸில் ஏறினால் எட்டிவிடும் தொலைவில் வாழும் நம்மிற் பலர் கண்டதில்லை. நாள் முழுதும் கையெட்டும் தொலைவிலேயே நோக்கிய கண்ணுக்கு நீர்ப்பரப்பின் மறுகரையை நோக்குதலும், மெஷின் ஓசை நிறைந்த செவிக்குப் பறவையொலியும், வளைந்த முதுகுக்குக் கரைமேல் நடையும் ஒருங்கு கிடைத்தலின், முதல் வினாவுக்கு இதனினும் நல்ல விடை நம் ஊரில் அரிது. செலவும் சிறிது, தாயும் உடன் வந்து அமரலாம்.

வீட்டு விளையாட்டு

இனி வீடியோ விளையாட்டு. தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வாளா இருத்தலினும் அதனோடு ஆடுதல் நன்றன்றோ என்று 1966 இல் எண்ணியவர் ரால்ஃப் பேயர் என்னும் பொறியாளர். அவர் எண்ணத்தினின்றும் தோன்றிய ‘ஒடிஸி’ என்னும் கருவி 1972 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று அவ்விளையாட்டுக் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. இதனை முற்றும் இகழ்தல் முறையன்று. ஒரே செயலைச் செய்து கருத்து மழுங்கினார்க்குப் புதிரும் போட்டியும் அறிவைத் தட்டி எழுப்பும். நாள் முழுதும் நின்று கால் ஓய்ந்தார்க்கு இருந்த இடத்தில் ஆடும் ஆட்டம் ஏற்றதே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி உழைப்பார், தொலைவிலுள்ள தம்பியோடு திரைவழி ஆடுதல் உறவையும் பேணும்.

ஆயினும் செக்கிங் பகுதியில் கண் ஓய்ந்தார்க்கும், கணினிமுன் அமர்ந்தார்க்கும், நூலொடு இரவைக் கழிக்கும் மாணவர்க்கும் இது ஓய்ந்ததனையே மேலும் ஓய்விப்பதாகும். மேலும், மலைக்குச் சென்றவன் இருட்டினால் திரும்புவான். பந்தாடுவான் களைத்தால் நிற்பான். திரையாட்டத்திற்கோ அத்தகைய இயற்கை எல்லை இல்லை. ஆடுவான்தான் எல்லை வகுத்தல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பில் ‘விளையாட்டுக் கோளாறு’ என ஒன்றைச் சேர்த்தது. ஆட்டத்தை அடக்க இயலாமை, பிற கடமைகளுக்கெல்லாம் மேலாக அதனை வைத்தல், கேடு வந்த பின்னும் விடாமை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஓராண்டேனும் நீடித்தலே அதன் இலக்கணம். நெடுநேரம் ஆடுதல் ஒன்றே நோயாகாது. விட இயலாமையே நோய் என்பது இதனால் விளங்கும்.

பணம் வைத்து ஆடுதலோ விளையாட்டென்னும் பெயர்க்கே உரியதன்று. வாரக் கூலி கைக்கு வந்த சனிக்கிழமை இரவிலேயே அதனைக் கைப்பேசியில் இழந்தான் எனின், அவன் இழந்தது 72 மணி நேர உழைப்பாம். 2025 இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களுக்குத் தடை விதித்து, திறனை நாடும் மின்விளையாட்டுப் போட்டிகளை வேறாகப் பிரித்து வைத்தது. சட்டம் காட்டிய அவ்வேறுபாடு நம் உள்ளத்திலும் நிற்றல் நன்று.

வீட்டிலிருந்தே ஆடுதற்கு நம் முன்னோர் வைத்துச் சென்ற பல்லாங்குழியும், தாயமும், ஆடுபுலி ஆட்டமும் மறக்கற்பாலன அல்ல. தரையிற் கோடிட்டுக் கல் வைத்தால் ஆடுபுலி ஆட்டம் அமைந்தது. பாட்டியும் பேரனும் எதிரெதிரே அமர்ந்து ஆடுதலின், மூன்றாவது வினாவுக்கு இவை தாமே விடையாகின்றன. சதுரங்கமும் அத்தகையதே. 2022 இல் மாமல்லபுரத்தில் 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்த பின்னர் சிற்றூர்ச் சிறாரும் அதன்பால் ஆர்வங் கொண்டனர்.

முடிபு

இதுகாறும் கூறியவை தனிமனிதர் தேர்வைப் பற்றியன. ஆயின் தேர்வதற்கு இடமும் காலமும் இல்லாதார்க்குத் தேர்வு முறையை மட்டும் ஓதுதல், நீரில்லா வயலில் உழவு கற்பித்தலை ஒக்கும். ஜெனீவாவிலுள்ள அனைத்துலகத் தொழில் நிறுவனம், தொழிலாளர் ஓய்வுக்காலம் பற்றி 1924 இலேயே ஒரு பரிந்துரையை வெளியிட்டது. தோட்டமும், விளையாட்டிடமும், நூலகமும் அமைத்தல் வேண்டும் என்றும், அவற்றைப் பயன்கொள்ளுங்கால் தொழிலாளர் தம் விருப்பத்திற்குத் தடை கூடாது என்றும் அது வற்புறுத்திற்று. நூறாண்டு கடந்த அவ்வறிவுரை நம் பகுதிக்கு இன்றும் பொருந்துவது. விளையாட்டிடம் வேண்டும் என்று கேட்பதும், குளக்கரையைத் தூய்மையாகப் போற்றுவதும், கூலியைக் குறையாமல் வைத்து நேரத்தைக் குறைக்க வேண்டுவதும் ஓய்வைத் தேர்தலின் பகுதிகளே.

மாணவத் தோழர்காள்! நம்முட் பலர் கல்லூரிக் கட்டணம், வீட்டில் ஒருவர் ஒன்றரை ஷிப்டு உழைத்ததனால் வந்தது. அவர் ஓய்வை விற்றே நமக்குக் கல்வியை வாங்கினார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்பால் ஓய்ந்தது யாதென வினவுவோமாக. துவைக்க வேண்டிய துணியை நாம் துவைத்து, அவரைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்வோமாக.