விண்கல்லைக் காதால் பிடிப்பவர்கள்

பிரான்சின் திஜோன் நகருக்கு அருகே கிராவ் என்ற ராணுவ ரேடார் இருக்கிறது. செயற்கைக்கோள்களைக் கண்காணிப்பதற்காக 143.050 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் அலை அனுப்பும் நிலையம். இங்கிலாந்து, ஜெர்மனி விண்கல் ஆர்வலர்களுக்கு அது ஓசியில் கிடைத்த ஒலிபரப்பி. அடிவானம் மறைப்பதால் அந்த அலை அவர்கள் வீட்டுக்கு நேராக வருவதில்லை. ஆனால் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் விண்கல் எரிந்து, மின்னூட்டம் பெற்ற வாயுத் தடம் விட்டால், அதில் பட்டுச் சிதறி ஒரு கணம் 'பிங்' என்று கேட்கிறது. மேகமோ பகல் வெளிச்சமோ தடையில்லை.

கருவிக்குப் பெரிய செலவில்லை. டிவி பார்க்க வந்த யுஎஸ்பி டாங்கிள், பழைய மடிக்கணினி, விளக்குமாற்றுக் கட்டையில் அலுமினியக் குழாய்களைப் பூட்டிய யாகி ஆன்டெனா. அலைநீளம் 2.1 மீட்டர் என்பதால், கேபிள் இணையும் நடுக்குழாயின் இரு பாதிகளும் தலா அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

சிக்கல் ட்யூனிங்கில்தான். அலைவெண் வித்தியாசத்தையே ஒலியாக்கும் அப்பர் சைடுபேண்ட் முறையில் 143.049-ல் நிறுத்தினால் எதிரொலி 1 கிலோஹெர்ட்ஸ் விசிலாக விழும். மலிவு டாங்கிளோ சூடேறச் சூடேற நகர்ந்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே இங்கே 143 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். அதனால் அனுபவசாலிகள் அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே பதிவைத் தொடங்குகிறார்கள். டாங்கிளைக் கணினியில் நேராகச் செருகாமல், நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வைக்கிறார்கள். எல்இடி பல்பும் போன் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல் தனி. ஆன்டெனாவில் இன்னொரு குழாய் சேர்ப்பதைவிட சார்ஜரைப் பிடுங்குவதே லாபம் என்பேன்.

இந்த விசிலுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. சிற்றலை வானொலியில் குறுக்கிட்ட சீழ்க்கை ஒலிகளுக்கு விண்கற்களே காரணம் என்று சமன்லால், வெங்கடராமன் என்ற இருவர் 1941-ல் கட்டுரை வெளியிட்டார்கள். நகரும் பொருளால் அலைவெண் மாறும் டாப்ளர் விளைவு அது என்றும் விளக்கினார்கள்.

எதிரொலியெல்லாம் விண்கல் அல்ல. விமானம் பட்டால், அலைவெண்ணைக் காட்டும் கணினித் திரையில் ஒரு கோடு சாய்வாக, நிதானமாக நீளும். விண்கல் சட்டென்று தோன்றி மறையும். பெரிய தடம் சில வினாடி நின்று, மேல்வளிக் காற்றில் நெளிந்து சிதறும். எண்ணும் வேலையை மென்பொருளிடம் அப்படியே விட்டால் விமானங்களும் கணக்கில் ஏறிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பூமி தன் பாதையில் முன்னேறும் முகம் விடியல் பக்கம் என்பதால், விண்கல் பொழிவு இல்லாத சாதாரண நாளிலும் விண்கற்கள் விடியலில் கூடும், மாலையில் குறையும். பல நாள் பதிவிலும் அந்த ஏற்றத்தாழ்வு தெரியாவிட்டால், முதலில் பக்கத்து அறை சார்ஜரைத்தான் தேட வேண்டும்.