கையெழுத்திடுமுன் காணிப் பத்திரத்தை அறிவோம்

பபிலோனியப் படைகள் எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளையில், இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்து ஊரிலே தம் உறவினரின் நிலமொன்றை விலைக்கு வாங்கினார். வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் முன்னிலையில் பத்திரம் முடித்தார். அது நெடுங்காலம் கெடாதிருக்கும் பொருட்டு மண்பாண்டத்தில் இட்டு வைக்கும்படி பணித்தார் (எரேமியா 32). சிதறடிக்கப்படும் மக்கள் ஒருநாள் தம் நிலத்துக்குத் திரும்புவர் என்று அவர் நம்பினார். அந்நாளில் நிலத்துக்குச் சான்று வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்.

மாங்கேணியிலும் அதைச் சூழ்ந்த வாகரைப் பிரதேசக் கிராமங்களிலும் இவ்வரலாற்றுக்கு விளக்கம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எமது கரையைத் தாக்கியது. 2006இன் இறுதியிலும் 2007 ஜனவரியிலும் நடந்த போரினால் ஊர்கள் வெறுமையாயின. திரும்பி வந்தோரில் பலர் உயிரைக் காத்துக்கொண்டனர். பத்திரங்களைக் காக்க இயலவில்லை. இன்று விதைநெல், உழவுக்கூலி, பசளை, பிள்ளையின் கலியாணம், மத்திய கிழக்குப் பயணம் எனப் பணமுடை வரும்போது, முதலில் எடுத்து நீட்டப்படுவது காணிப் பத்திரமே.

ஆகவே இப்பாடத்தில் ஒரு விடயத்தை நன்றாக விளங்கிக்கொள்வோம். காணியை விற்கலாமா, ஈடு வைக்கலாமா, யாருக்கு விட்டுச் செல்லலாம் என்பவற்றையெல்லாம் கையிலுள்ள பத்திரத்தின் வகையே தீர்மானிக்கிறது. இது காணிக்காரருக்கும், கடன் கொடுப்பவருக்கும், வாங்குபவருக்கும் பொருந்தும்.

1. எமது பத்திரம் எவ்வகை?

(அ) உறுதிக் காணி: இது தனியார் காணி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, இக்காணியின் விற்பனையோ ஈடோ எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, அவர்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வெறுந்தாளில் எழுதிய ஒப்பந்தம் காணியைக் கைமாற்றாது. அதில் சமாதான நீதவானின் முத்திரை இருந்தாலும் அது உறுதியாகிவிடாது.

(ஆ) அனுமதிப்பத்திரக் காணி: நாம் 'பெர்மிட் காணி' என்பது இதுவே. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அரசு வழங்குவது. பயிரிடவும் குடியிருக்கவும் உரிமை உண்டு; காணியின் சொந்தக்காரர் அரசே.

(இ) அளிப்புக் காணி: அதே சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துக்கு அடுத்த படி. சுவர்ணபூமி, ஜயபூமி என்னும் பெயர்களில் வழங்கப்பட்டவை இவ்வகையின. உரிமை கூடியது, ஆயினும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன்அனுமதியின்றி விற்கவோ நன்கொடையாக எழுதவோ முடியாது. அனுமதியின்றிச் செய்த கைமாற்றம் சட்டத்தின் முன் செல்லாது.

பத்திரமே இல்லாமல் அரச காணியில் பயிர்செய்வோரும் உளர். எத்தனை ஆண்டு இருந்தாலும், ஆட்சி உரிமையால் அரசுக்கு எதிராக அக்காணி சொந்தமாகாது. இவர்கள் பிரதேச செயலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, காணிக் கச்சேரியில் தம் கோரிக்கையை முன்வைக்க வேண்டும்.

2. கடன் வாங்குவோரும் கொடுப்போரும்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் பெர்மிட் வயல். மாரி வேளாண்மைச் செலவுக்கு இரண்டு இலட்சம் ரூபா கடன் பெற்று, பெர்மிட்டைக் கொடுத்து, வெறுந்தாளில் கையெழுத்தும் இடுகின்றனர். வெள்ளம் வந்து வேளாண்மை அழிகிறது. கடன் கொடுத்தவரோ அந்தத் தாளை வைத்துக் காணியைக் கேட்க முடியாது. அவரது பணத்துக்குக் காணி ஈடாக இருக்கவே இல்லை. காணிக்காரருக்கோ பெர்மிட் கையில் இல்லாததால் செயலக அலுவல்கள் எல்லாம் தடைப்படுகின்றன. இருவரும் நட்டமடைகின்றனர். பெர்மிட் நகையன்று, அதை அடகு வைக்க முடியாது.

உறுதிக் காணியை ஈடு வைக்கலாம். ஈடு வைத்தாலும் காணி உரிமை கடன் வாங்கியவரிடமே இருக்கும். தவணை தவறினால் காணி தானாகவே கடன் கொடுத்தவருக்குச் சொந்தமாகும் என்ற நிபந்தனை செல்லாது. அவர் வழக்கிட்டு, நீதிமன்றத்தின் வழியாகவே காணியை ஏலத்தில் விற்பிக்க வேண்டும். வங்கிகளுக்கு மட்டும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வழக்கின்றியே ஏலமிடும் விசேட அதிகாரத்தை அளித்துள்ளது. ஆகவே வங்கியின் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது ஆபத்தானது.

இதனிலும் ஆபத்தானது, கடனுக்காக விற்பனை உறுதி எழுதிக் கொடுப்பது. "குறித்த காலத்துக்குள் பணத்தைத் தந்தால் காணியைத் திருப்பி எழுதித் தருவேன்" என்ற நிபந்தனை அதில் இருக்கும். காலம் தவறினால் காணி போய்விடும். வாய்ப்பேச்சில் "ஈடு" என்பார்கள். எழுத்தில் "விற்பனை" என்றிருக்கும். உறுதியை நொத்தாரிசு உங்கள் மொழியில் வாசித்து விளக்கும் வரை கையெழுத்திட வேண்டாம். ஏற்கெனவே இவ்வாறு நிபந்தனை உறுதி எழுதியவர்கள், 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மீட்புக் காலம் முடியுமுன்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

3. காணி வாங்குவோர்

மலிவாகக் கிடைக்கிறது என்று பெர்மிட் காணியைத் தாளெழுதி வாங்குபவர், காணியை அன்றி வழக்கையே வாங்குகிறார். உறுதிக் காணியாயின் நான்கு விடயங்களைச் செய்ய வேண்டும். மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகாலப் பதிவுகளைத் தேடுவித்தல். அனுமதி பெற்ற நில அளவையாளரின் வரைபடத்தோடு எல்லைகளை நேரில் பார்த்தல். காணியில் இப்போது யார் இருக்கிறார், ஏன் இருக்கிறார் என அயலவரிடம் விசாரித்தல். பங்காளிகள் அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என உறுதிப்படுத்தல்.

உறுதி முடிந்ததும் தாமதமின்றிப் பதிவு செய்விக்க வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டப்படி, ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டால், மோசடி இல்லாதவிடத்து, முதலில் பதிந்தவரின் உறுதியே முன்னிற்கும்.

4. மனைவியும் பெண்பிள்ளைகளும்

பெர்மிட், அளிப்புக் காணிகளில் கணவர் இறந்தால், பின்னுரித்தாளராக எவரை நியமித்திருந்தாலும், மனைவிக்கு வாழ்நாள் அனுபவ உரிமை உண்டு. பின்னுரித்தாளரை நியமிக்கும் பத்திரம் காணிக்காரர் இறக்குமுன்னரே பதிவாகியிருக்க வேண்டும். நியமனம் இல்லாதவிடத்து முன்னர் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இவ்வேறுபாட்டை நீக்கியது. உரித்துடையவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இடம்பெயர்ந்து வாழும் விதவைத் தாய்மார் உடனே பிரதேச செயலாளருக்கு எழுதி, அக்கடிதத்தின் பிரதியை வைத்திருப்பது நல்லது.

உறுதிக் காணிக்கு வேறு சட்டம். மட்டக்களப்பில் முன்பிருந்த முக்குவச் சட்டம் இன்று நடைமுறையில் இல்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் இங்கு பொருந்தாது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, மரணசாசனம் இன்றி ஒருவர் இறந்தால் பாதி துணைவருக்கும், மறுபாதி ஆண் பெண் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். முஸ்லிம் சகோதரருக்கு அவர்களது தனிச் சட்டம் உண்டு.

5. பத்திரம் தொலைந்தோரும் காணியில் பிறர் இருப்போரும்

பத்திரம் தொலைந்தால் உரிமை தொலைவதில்லை. உறுதியின் ஒரு பிரதி நொத்தாரிசிடமும் இன்னொன்று காணிப் பதிவகத்திலும் இருக்கும். பெர்மிட் விபரம் பிரதேச செயலகப் பதிவேட்டில் இருக்கும். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியுடனும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்துடனும் சென்று கேளுங்கள்.

உறுதிக் காணியில் பிறர் பத்து ஆண்டுகள் எதிரிடையாக ஆட்சி செய்தால் உரிமை கோரலாம். போரினால் வழக்கிட முடியாதிருந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்துக் கணிக்க இடமளித்தது. ஆனால் வழக்கிட இரண்டு ஆண்டு அவகாசமே தந்தது. எனவே இனியும் காத்திருக்க வேண்டாம். உங்கள் சம்மதத்துடன் காணியில் இருப்பவரிடம் அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பிணக்கு இருப்பின் இணக்க சபையையோ, வசதி குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவையோ நாடலாம்.

குழுவில் கலந்துரையாட

1. எங்கள் வீட்டுப் பத்திரம் மூவகையில் எது? அது இப்போது யார் கையில் உள்ளது?
2. பின்னுரித்தாளர் பதிவு செய்யப்பட்டுள்ளாரா? மனைவிக்கு அது தெரியுமா?
3. அடுத்த போகத்துக்குக் காணியை ஈடு வைக்காமல் பணம் திரட்ட, எமது கிராமச் சங்கம் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் தம் பத்திரத்தின் நிழற்பிரதி இரண்டைக் கொண்டு வருவார்களாக. ஒன்றை வீட்டில் பிளாஸ்ரிக் உறையில் இட்டு வையுங்கள். மற்றதை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.