துணைக்கோள் வழி இடங்காணும் மென்பொருள்: நிறுவலும் சோதித்தலும்

தில்லி மாநகரில் யமுனையாற்றின் கிழக்குப் புறத்தே அமைந்த குடியிருப்பு மயூர் விஹார். 2023-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் தில்லியின் பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அவ்விடத்து அபாய மட்டம் 205.33 மீட்டர். ஆற்றுப் படுகையில் குடிசையிட்டு வாழ்ந்தோர் பலர் மயூர் விஹார்ப் பகுதியின் சாலையோரங்களில் கூடாரங்களில் தங்க நேர்ந்தது. அபாய மட்டத்திற்கும் அன்றைய வெள்ள மட்டத்திற்கும் உள்ள வேறுபாடு 3.33 மீட்டரே. ஆகவே, இத்தகைய இடத்தில் நிலத்தின் உயரத்தைக் கணிப்பவர், தம் கருவியும் கணிப்பொறியும் தரும் எண் எத்துணை நம்பத்தக்கது என்பதை முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மென்பொருளின் பணி

துணைக்கோள் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளால் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகிறது. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 30 சென்டிமீட்டர் பிழை ஏற்படும். ஏற்பி பதிவு செய்த இவ்வளவுகளைப் பகுத்து அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றைத் தருவதே மென்பொருளின் வேலை. ஜப்பானிய அறிஞர் தொமோஜி தகாசு இயற்றிய ‘ஆர்.டி.கே.லிப்’ என்னும் தொகுதி விலையின்றிக் கிடைப்பது. மூல நிரலும் வெளியிடப்பட்டுள்ளது. பயிற்சிக்கு அது மிகவும் ஏற்றதாகும்.

நிறுவும் முறை

இத்தொகுதி சுருக்கிய கோப்பாகக் கிடைக்கிறது. அதனை விரித்து, கணிப்பொறியில் தனியொரு உறையில் வைத்தாலே போதும். அதனுள் பல செயலிகள் உள்ளன. ‘ஆர்.டி.கே.கன்வ்’ என்பது ஏற்பியின் பதிவை ‘ரினெக்ஸ்’ என்னும் பொது வடிவத்திற்கு மாற்றுவது. ‘ஆர்.டி.கே.போஸ்ட்’ இடத்தைக் கணிப்பது. ‘ஆர்.டி.கே.பிளாட்’ முடிவைப் படமாக வரைந்து காட்டுவது. கணிப்பிற்கு ஏற்பியின் நோக்குக் கோப்பும், துணைக்கோள்களின் பாதையைக் கூறும் கோப்பும் வேண்டும். நுண்ணிய அளவு தேவையெனில், இடம் நன்கறிந்த நிலையம் ஒன்று அதே நேரத்தில் பதிவு செய்த கோப்பும் வேண்டும். இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் இடைவிடாது இயங்கும் இத்தகைய நிலையங்களை நிறுவியுள்ளது.

திரையில் எண்கள் தோன்றியவுடன் வேலை முடிந்ததென்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. கீழ்க்காணும் நான்கு சோதனைகளையும் வரிசையாகச் செய்தல் வேண்டும்.

முதற் சோதனை: நேரம்

முடிவுக் கோப்பில் காணும் நேரம் பொதுவாக ஜி.பி.எஸ். நேரமாகும். 2017-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முந்தியுள்ளது. ஆகவே அதனுடன் 5 மணி 30 நிமிடம் கூட்டி, 18 விநாடி கழித்தால் இந்திய நேரம் கிடைக்கும். களக் குறிப்பேட்டில் எழுதிய நேரத்துடன் இது ஒத்துவராவிடில், கோப்புகள் மாறிப்போயினவா எனப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: மீண்டும் அளத்தல்

உயர்ந்த அடுக்குமாடிகளின் இடையே அலைகள் சுவரில் மோதித் திரும்பி வந்து கணக்கைக் கெடுக்கும். எனவே திறந்த வெளியில் ஒரு குறியிட்டு, ஒரு மணி நேரம் பதிவு செய்க. மறுநாள் வேறொரு வேளையில் மீண்டும் பதிவு செய்க. அதே வேளையைத் தேர்ந்தெடுத்தல் கூடாது, ஏனெனில் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் நாள்தோறும் சுமார் 4 நிமிடம் முந்தி அதே அமைப்பில் வந்து நிற்கும். அமைப்பு ஒன்றாயின் அதனால் விளையும் பிழையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்து, முடிவு சரியென மயங்கச் செய்யும். தில்லியில் பாகையின் ஐந்தாம் தசம இடம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும் என்பதை நினைவிற் கொண்டால் ஒப்பிடுதல் எளிதாகும்.

மூன்றாம் சோதனை: அறிந்த அளவுடன் ஒப்பிடுதல்

இரு நாள் முடிவுகளும் ஒன்றுபட்டமையால் அவை உண்மையாகிவிடமாட்டா. நிலையத்தின் இடத்தைத் தவறாகக் கொடுத்திருந்தால், எல்லா முடிவுகளும் தமக்குள் ஒன்றுபட்டே தவறாக இருக்கும். ஒரே திசையில் கோணிய அளவுகோல் எத்தனை முறை அளந்தாலும் ஒரே பிழையைத் தருவது போன்றது இது. ஆதலால், இடம் அறிந்த அளவைக் கல் ஒன்றன்மேல் ஏற்பியை வைத்துப் பெற்ற முடிவை, அக்கல்லுக்குரிய எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

நான்காம் சோதனை: உயரம்

இதுவே பெரிதும் தவறு நேரும் இடம். துணைக்கோள் கணிப்பு தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்ததன்று. பூமியின் வடிவிற்குப் பொருத்தமாகக் கொண்ட ஒரு நீள்கோளப் பரப்பிலிருந்து அளந்தது. தில்லியில் இவ்விரண்டிற்கும் ஏறத்தாழ 50 மீட்டர் வேறுபாடு உண்டு; இலங்கைக்குத் தெற்கே கடலில் அது 100 மீட்டரையும் கடக்கிறது. மயூர் விஹாரின் தரையைக் கணித்து 150-ஐ ஒட்டிய ஓர் எண்ணைக் கண்டவர், அதனை 205.33 என்னும் அபாய மட்டத்துடன் ஒப்பிட்டால், அவ்வூரே நீரில் ஆழ்ந்திருக்க வேண்டுமென்று முடிவு கட்டுவார். மென்பொருளில் உயரத்தின் வகையை மாற்றி, புவிவடிவ மாதிரியொன்றைத் தேர்ந்தெடுத்தால் இவ்வேறுபாடு பெரும்பாலும் நீங்கும்.

ஆயினும் ஐம்பது மீட்டர்ப் பிழையைக் காண்பது எளிது. ஒன்றிரண்டு மீட்டர்ப் பிழையைக் காண்பதே அரிது. துணையின்றித் தனித்து இயங்கும் ஏற்பியின் உயரத்தில் பல மீட்டர் பிழை நேரலாம். மாதிரியிலும் சிறு பிழை உண்டு. வெள்ளத்தின் எல்லையை வகுப்பதற்கு அத்தகைய எண் உதவாது. அருகிலுள்ள மட்டக்குறியிலிருந்து மட்டக்கருவி கொண்டு அளந்து சரிபார்த்த பின்னரே உயரத்தை அறிக்கையில் எழுதுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

பள்ளி மைதானத்தில் இரு முளைகளுக்கிடையே நாடாவினால் 20 மீட்டர் அளந்து, இரண்டின் இடங்களையும் மாணவர் கணிக்கட்டும். கணித்த தொலைவிற்கும் நாடாவின் அளவிற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி, அதன் காரணங்களை அவர்களே கூறச் செய்க. எந்த எண்ணையும் பிழையின் அளவோடு சேர்த்தே எழுதும் பழக்கம் இதனால் அவர்களுக்கு உண்டாகும்.