கேழ்வரகின் விலை களத்துமேட்டிலே

நமது தருமபுரி ஜில்லாவின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமியாகும். மேற்கெல்லையில் காவிரி ஓடினும், அது பள்ளத்தில் ஓடுகின்றமையால் நமது மேட்டுக் காடுகளுக்கு அதன் நீர் ஏறுவதில்லை. ஆண்டொன்றுக்குச் சராசரி 850 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையை நம்பியே குடியானவர்கள் கேழ்வரகு, சாமை, அவரை, துவரை, கொள்ளு முதலியவற்றைப் பயிர்செய்து வந்திருக்கின்றனர். இவற்றுள் கேழ்வரகே தலைமையானது. ராகிக் களியும் கூழும் உண்டு வளர்ந்த ஜனங்களுக்கு அதன் பெருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு விஷயத்தை இங்கே எடுத்துரைப்பது அவசியமாகின்றது. உழவு, விதை, எரு, களை ஆகியவற்றில் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கைக்கூட நம்மவர்கள் அறுவடைக்குப் பின் காட்டுவதில்லை. கதிர் அறுத்தவுடன் வேலை முடிந்ததென்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையிலோ, தானியத்தின் அளவு நிலத்தில் தீர்மானிக்கப்படுகிறது. அதன் விலை களத்துமேட்டில் தீர்மானிக்கப்படுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலுக்கு வந்த கிராக்கி

ஐக்கிய நாடுகள் சபை 2023 ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசாங்கம், நீலகிரி, தருமபுரி ஆகிய இரண்டு ஜில்லாக்களில், நியாய விலைக் கடைகளின் மூலம் குடும்ப அட்டை ஒன்றுக்கு மாதம் 2 கிலோ கேழ்வரகை அரிசிக்குப் பதிலாக வழங்கும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. அதனையொட்டி, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தார் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் குடியானவர்களிடமிருந்து கேழ்வரகை நேராகவே கொள்முதல் செய்யலாயினர்.

இதன் விசேஷத்தைக் குடியானவர்கள் நன்கு கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் பென்னாகரத்தில் விளைந்த தானியம் தரகர், மண்டிக்காரர், மொத்த வியாபாரி, அரவை ஆலைக்காரர், சில்லறைக் கடைக்காரர் என்று பல கைகள் மாறிய பின்னரே உண்பவரைச் சேர்ந்தது. ஒவ்வொரு கையிலும் வண்டிக்கூலி, எடைக்கூலி, கழிவு, லாபம் ஆகியவை சேர்ந்தன. விளைவிப்பவரும் உண்பவரும் ஒரே ஜில்லாவில் இருக்க, நடுவே ஒரே ஒரு ஸ்தாபனம் நிற்குமானால், இச்செலவுகளில் பெரும்பகுதி மிச்சமாகும். மிச்சமாவது இரு சாராருக்கும் பயன்படும்.

கிராக்கியின் அளவை ஒரு கணக்கினால் அறியலாம். ஒரு லட்சம் அட்டைகளுக்கு மாதம் 2 கிலோ வீதம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,400 டன் கேழ்வரகு தேவைப்படும். மானாவாரியில் ஏக்கருக்கு 8 குவிண்டால் மகசூல் என்று கொண்டால், 3,000 ஏக்கரின் முழு விளைவும் அந்த ஒரு லட்சம் குடும்பங்களுக்கே போதியதாகும். இவ்வளவு நிச்சயமான வாடிக்கைக்காரர் நமது தோட்டப் பயிர்களில் எதற்கும் கிடையார்.

விலையும் ஏறியே வந்திருக்கிறது. மத்திய அரசாங்கம் கேழ்வரகுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2022-23 ஆம் பருவத்தில் குவிண்டாலுக்கு 3,578 ரூபாயாக இருந்தது. 2025-26 ஆம் பருவத்திற்கு அது 4,886 ரூபாய் ஆயிற்று. ஆனால் இவ்விலை எந்தக் கேழ்வரகுக்கும் கிடைத்துவிடாது. குறித்த தரத்தில் உள்ள தானியத்திற்கே கிடைக்கும்.

ஈரத்தின் கணக்கு

கொள்முதலுக்கு வரும் கேழ்வரகில் ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேற்படலாகாது. மண், கல், தூசி முதலிய அந்நியப் பொருள்கள் நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாது என்பது விதி. இதைக் கேட்ட சிலர், "காயவைத்தால் எடை குறைந்துபோகுமே, ஈரத்தோடு வியாபாரியிடம் போட்டுவிடுவதே மேல்" என்று சொல்வதுண்டு. இந்த எண்ணம் சரியா என்று பார்ப்போம்.

ஒருவரிடம் நூற்றுக்கு 16 பங்கு ஈரமுள்ள 10 குவிண்டால் கேழ்வரகு இருக்கிறது. அதனை 12 பங்கு ஈரத்திற்குக் காயவைத்தால் ஏறத்தாழ 45 கிலோ எடை குறைந்து, 955 கிலோ நிற்கும். 2025-26 ஆம் பருவத்தின் ஆதரவு விலைப்படி அதற்கு 46,600 ரூபாய்க்குச் சற்று மேற்பட்டுக் கிடைக்கும். அதே தானியத்தை ஈரத்தோடு வாங்கும் வியாபாரி, குவிண்டாலுக்கு 600 ரூபாய் குறைத்துக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அப்பொழுது 10 குவிண்டாலுக்கும் கிடைப்பது 42,860 ரூபாயே. இரண்டுக்கும் வித்தியாசம் 3,700 ரூபாய்க்கு மேல். இரண்டு மூன்று நாள் வெயிலும் ஒருவர் காவலும் தந்த வருமானம் இதுவாகும். காயவைக்கும் கூலியும் வண்டிச் சத்தமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை அவரவர் தம் ஊர்க் கூலிப்படி கணக்கிட்டுக்கொள்ளலாம். வியாபாரி கேட்கும் குறைப்பு சொற்பமாயின் கணக்கு மாறும் என்பதும் உண்மையே. கணக்குப் பார்க்காமல் விற்பதுதான் தவறு.

அறுவடை முதல் கோணி வரை

கேழ்வரகுக் கதிர்கள் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகையால் கீழ்க்கண்ட முறையைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது: தாய்த் தூரின் கதிரும், மற்றக் கதிர்களில் பாதியும் பழுப்பு நிறமடைந்தவுடன் முதல் அறுவடை செய்க. ஏழு நாள் கழித்து, எஞ்சிய கதிர்களைப் பச்சையாயிருப்பினும் சேர்த்து அறுத்துவிடுக.

இரண்டாவது: இரண்டாம் முறை அறுத்த கதிர்களை உடனே வெயிலில் பரப்பாமல், நிழலில் ஒருநாள் குவித்து வைக்கவும். குவியலுள் எழும் வெப்பத்தினால் பச்சை மணிகள் பதப்படும். ஒரு நாளுக்கு மேல் குவித்து வைத்தால் பூசணம் பிடிக்கும்.

மூன்றாவது: காயவைப்பதும் அடிப்பதும் சிமெண்டுக் களத்திலோ, தார்ப்பாயின் மீதோ நடைபெறவேண்டும். தார்ச் சாலையில் கதிரைப் பரப்பி, வண்டிச் சக்கரங்களைக்கொண்டு மணி உதிர்க்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். அது வழிப்போக்கர்களுக்கு அபாயம், தானியத்திற்கோ பெருங்கேடு. கேழ்வரகு மணியும் மணற்பருக்கையும் ஏறக்குறைய ஒரே பருமனாகையால், ஒருமுறை கலந்துவிட்ட மணலைச் சல்லடையால் பிரிக்க முடியாது. எடை வித்தியாசத்தைக்கொண்டு பிரிக்கும் கல் நீக்கும் இயந்திரம் ஒன்றே அதற்கு வழி. கலக்கவிடாமல் காப்பது பிரிப்பதைவிட எளிது.

நான்காவது: காற்றில் நன்றாகத் தூற்றிச் சாவியையும் பொக்கையும் நீக்குக. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழி வேறு பொருளில் வழங்கினும், அதன் முதற்பொருள் களத்துமேட்டைச் சேர்ந்ததே.

ஐந்தாவது: மூட்டை கட்டுமுன் ஒரு கிலோ மாதிரியை எடுத்துச்சென்று, ஈரமானி உள்ள இடத்தில் சோதித்துக்கொள்க. பத்து மூட்டையை வண்டியிலேற்றிச் சென்று திரும்பக் கொண்டுவருவதைவிட, ஒரு பையைக் கொண்டுசெல்வது சுலபம் அன்றோ?

பொறுத்திருக்கும் பலம்

பாலக்கோடு பக்கத்தில் தக்காளி பயிரிடுவோரின் கஷ்டத்தை யாவரும் அறிவர். விலை சரியும் நாளில் பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்கும் கட்டாமல், பழத்தைச் செடியிலேயே விட்டுவிட நேர்கிறது. பழம் நாளைவரை காத்திராது. ஆகையால் குடியானவரும் காத்திருக்க இயலாது. விலை சொல்லும் உரிமை அங்கே வாங்குபவருடையதாகிறது.

கேழ்வரகின் குணம் இதற்கு நேர்மாறானது. மணி சிறிதாயும் தோல் கெட்டியாயும் இருப்பதனால், மற்றத் தானியங்களைப்போல் அதை வண்டு எளிதில் துளைப்பதில்லை. நன்றாக உலர்ந்த கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் கெடாமலிருக்கும். நம் முன்னோர் பஞ்சகாலத்திற்கென்று இதனையே குதிர்களிலும் குழிகளிலும் சேமித்தனர். இந்தக் குணமே குடியானவரின் பலம். அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒருங்கே விற்கும்போது விலை தாழ்வதும், பின்னர் உயர்வதும் இயல்பு. பொறுத்திருக்கக் கூடியவர் அந்த உயர்வில் பங்கு பெறுகிறார்.

ஆனால் கடன் உள்ளவரால் எப்படிப் பொறுக்க முடியும்? இக்கேள்விக்கு விடையாகவே ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் ஏற்பட்டன. 1933 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் வியாபாரப் பயிர்களின் சந்தைச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி பருத்திக்காகத் திருப்பூரில் 1936 இல் ஒழுங்குமுறைச் சந்தை நிறுவப்பட்டது. சரியான எடை, பகிரங்க ஏலம், உடனுக்குடன் பணம் என்பவை அதன் கொள்கைகள். இன்றைய விற்பனைக் கூடங்கள் அந்த வழி வந்தவையே. அவற்றின் கிடங்கில் தானியத்தை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறலாம். கைக்கு அவசரமான பணமும் கிடைக்கிறது. தானியமும் நல்ல விலைக்குக் காத்திருக்கிறது. கடனுக்கு ஈடாக நிற்கும் கதிரையே வியாபாரிக்கு எழுதிக்கொடுப்பவர்கள் இவ்வசதியை விசாரித்தறிய வேண்டும்.

கூடி விற்றலும் மாவாக்குதலும்

ஐந்து மூட்டை உள்ளவரால் கல் நீக்கும் இயந்திரமும் ஈரமானியும் வாங்க இயலாது. ஐம்பது பேர் சேர்ந்தால் இயலும். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்ய நமது கம்பெனிச் சட்டம் இடந்தருகிறது. பொதுக் களம், பொதுச் சல்லடை, ஒரே வண்டி என்ற அளவில் தொடங்கினாலும் போதும்.

அடுத்த படி மாவாக்குதல். கேழ்வரகைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கச் செய்து, நன்றாக உலர்த்தி, முளை வேரைத் தேய்த்து நீக்கி, இலேசாக வறுத்து அரைத்த மாவு, குழந்தைகளுக்குச் சிறந்த உணவாகும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் மிகச் சிறிய பங்கே உள்ளது. ஆனால் ஓர் எச்சரிக்கை: முழுத் தானியத்தைப்போல் மாவு காத்திராது. நாட்பட நாட்பட வாசனை கெடும். விற்கக்கூடிய அளவுக்கே அவ்வப்போது அரைக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்வதும், அரைத்த தேதியைப் பொட்டலத்தின்மேல் குறிப்பதும் கட்டாயம்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

நேரடிக் கொள்முதலில் தானியம் கொடுப்பவர் உண்மையில் பயிரிட்டவரே என்பதை நிலைநாட்டுவது கிராமக் கணக்கு. அடங்கலில் பயிர் காலத்தில் பதிவாகாமலிருந்தால், மெய்யான சாகுபடியாளர் சான்று கேட்டு அலைய நேரும். அதற்குள் அவர் பொறுமையிழந்து வியாபாரியிடம் போட்டுவிடுவார். வெளியூர்த் தானியத்தை வாங்கிவந்து, உள்ளூர்ப் பட்டாதாரரின் பெயரால் விற்க முயல்வோரும் இருக்கலாம். ஆகவே கேழ்வரகு பூட்டை விடும் பருவத்திலேயே நிலத்தை நேரில் பார்வையிட்டு, ஊடுபயிர் உட்பட அடங்கலில் எழுதிவிடுவது பெரிய உபகாரமாகும். குத்தகைக்குப் பயிரிடும் ஏழைகளின் பெயர் விடுபடாமல் கவனிப்பதும் அவர்கள் கடமை.

நிலத்தின் பங்கு

முடிவாக, இவ்வியாபாரம் நீடிக்க வேண்டுமானால் நிலமும் நீடிக்க வேண்டும். கேழ்வரகு வரிசைகளுக்கிடையே அவரையோ துவரையோ இடுவது நமது ஊர்களின் பழைய வழக்கம். பயறுவகைச் செடியின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருகிறது. மழை பொய்த்துக் கேழ்வரகு குன்றினும், பின் மழையில் அவரை கைகொடுக்கிறது. தட்டை மாட்டுக்குத் தீவனம். மாட்டின் எரு மீண்டும் நிலத்துக்கு. இந்தச் சக்கரத்தை விட்டுவிட்டு, ஆழ்துளைக் கிணற்றை நம்பித் தண்ணீர்ப் பயிருக்கு மாறியவர்களில் பலர், கிணறும் வற்றிக் கடனும் மிஞ்சி நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

அட்டைதாரர் வாங்கும் கேழ்வரகில் கல் கடிபடுமானால், மறுமாதம் அவர் அரிசியே கேட்பார். வாங்குவோர் விலகினால் கொள்முதல் குறையும். கொள்முதல் குறைந்தால் பயிரும் குறையும். களத்துமேட்டில் ஒருவர் காட்டும் அலட்சியம் ஜில்லா முழுவதையும் பாதிக்கும். அவர் காட்டும் ஜாக்கிரதையும் அவ்வாறே யாவருக்கும் பயன்படும். ஆகையால் வரும் கார்த்திகையில் கதிர் அறுக்குமுன், ஒவ்வொருவரும் தார்ப்பாய் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்வார்களாக.