பாண்ட் தொடங்கப்போகும் நாவற்குடாப் பிள்ளைகளுக்கு

மனே, வாயால் சொன்னால் காற்றோடு போயிடும் என்று எழுதித் தாறன். எல்லாரும் வாசியுங்க.

1. முதலில் ஓர் அல்பத்தை முழுசாகக் கேளுங்க. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில் 1978இல் சேர்ந்த குழு, 'யங் மார்பிள் ஜயண்ட்ஸ்'. மூன்றே பேர். 'கொலோசல் யூத்' என்ற அவர்களின் ஒரே அல்பத்தை 1980இல் ரஃப் ட்ரேட் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. கொஞ்ச காலத்தில் குழு கலைந்துபோச்சு. ஹெட்ஃபோனில், சத்தத்தைக் கூட்டாமல் கேட்கவேணும்.

2. றம்ஸ் வாங்கக் கடன் படாதீங்க. அவர்களிடம் றம்ஸ்காரரே இல்லை. தாள மெஷினின் ஒலியைக் கெசற்றில் பதிந்து, அதை ஓடவிட்டு வாசித்தார்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் நம்ம கூத்தை நினைக்கவேணும்: மத்தளம், சல்லாரி, பிற்பாட்டு. அதுகளோடுதானே விடியும்வரை களரி நிற்குது?

3. வாசிக்காமல் இருக்கப் பழகுங்க. இதுதான் கஷ்டம். அந்தக் குழுவின் ஸ்ருவட் மொக்ஸம் உள்ளங்கையால் கிற்றார்த் தந்தியை அமத்திக்கொண்டே வாசிப்பார். எழுந்த ஒலி உடனே அடங்கிடும். அவர் விட்ட இடத்தில் சகோதரர் ஃபிலிப்பின் பேஸ் மெட்டைத் தூக்கிக்கொண்டு போகும். அலிசன் ஸ்டற்றன், பாத்திரம் கழுவிக்கொண்டு தனக்குள்ளே பாடுகிற பிள்ளைபோலப் பாடுவார். நம்ம ஆட்களுக்கு மைக்கைக் கண்டால் வேற குரல் வருது, திருவிழா மேடைப் பழக்கம். பாட முந்தியே எக்கோவைத் திருப்பிவிடும் சவுண்ட்காரரையும் சேர்த்துத்தான் சொல்றன். ஒரு பாட்டை எடுத்து, வாத்தியங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்க. நிறுத்தியும் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லையென்றால், அந்த வாத்தியக்காரர் அந்தப் பாட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கலாம்.

4. ஸ்ரூடியோவில் பாட்டு எழுதாதீங்க, அங்கே மணிக்கணக்குக்குக் காசு. கார்டிஃப்காரர் பாட்டெல்லாம் கைபடிந்த பிறகுதான் போனார்கள். ஐந்தே நாளில் 15 பாட்டையும் பதிந்துவிட்டு வந்தார்கள்.

5. யார் எழுதின பாட்டு, காசு வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு கொப்பியில் எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்க. சிரிக்காதீங்க. கோபம் வந்த பிறகு அந்தக் கொப்பியைத் தொடங்க ஏலாது.

6. உங்கட குழுவும் கலையும். ஏ.எல். பெறுபேறு, கட்டார் விசா, கல்யாணம், ஏதோ ஒன்று வரும். அதற்காகத் தொடங்காமல் விடாதீங்க, பதிவைத் தள்ளிப்போடாதீங்க. பம்பாயின் 'அட்டமிக் ஃபாரெஸ்ட்' குழுவின் ஒரே அல்பமான 'ஒப்செஷன் 77', குழு கலைந்த பிறகு 1981இல்தான் வந்தது. பதிந்து வைத்ததால் வந்தது. கார்டிஃப்காரரின் பாட்டொன்றை 1994இல் அமெரிக்காவின் 'ஹோல்' குழு தன் அல்பத்தில் பாடிச்சுது. ரொக் பாடகர் கேர்ட் கொபேன் தனக்கு மிகப் பிடித்த அல்பங்களில் 'கொலோசல் யூத்'தையும் எழுதிவைத்தார். ஐந்து அல்பம் போட்டும் ஆருக்கும் ஞாபகமில்லாத குழுக்கள் எத்தனை!

7. பதிந்ததை ஒரு ஃபோனில் மட்டும் வைக்காதீங்க. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை உங்களில் வெளிநாடு போகமாட்டன் என்று நிற்கிறவரிடம் கொடுங்க.

8. ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாங்க. ஒரு கிற்றார், ஒரு பேஸ், பாடுகிற பிள்ளை போதும். கல்லடியில் ஸ்பீக்கர் வாடகைக்குச் சொல்லியிருந்தால் இண்டைக்கே வேண்டாம் என்று சொல்லிடுங்க.