நல்ல கறி வாங்குவது எப்படி? – ஒரு கடைத்தெருப் பாடம்

ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நான் சமையல் கலைஞனும் அல்ல, மருத்துவனும் அல்ல. ஆனால் கறி வாங்குவதில் நான் செய்த ஒரு தவறுக்கு என் பேத்தி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பாடமாகத் தருகிறேன்.

நடந்தது 2016 மே மாதம். பெங்களூரில் ஒரு பெரிய கடையில் உறைந்த கோழிப் பொட்டலங்கள் மலிவாகக் கிடைத்தன. நாலு பொட்டலம் வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாரிகுப்பம் ரயிலில் ஏறினேன். ஸ்டேஷனில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்து, வீடு வர ஐந்து மணி நேரம் ஆயிற்று. பொட்டலங்கள் நன்றாக இளகியிருந்தன. "ராபர்ட்சன்பேட்டையில் கோழி கிடைக்காதா?" என்று என் மனைவி கேட்டாள். நான் அதைக் காதில் வாங்காமல், எல்லாவற்றையும் மறுபடியும் ஐஸ் பெட்டியில் திணித்தேன். அடுத்த ஞாயிறு அதைத்தான் சமைத்தோம். அன்றிரவே குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கடைக்காரர் மேல் குற்றமில்லை. வண்டி ஐந்து நிமிடம் தாமதமானால் விளக்கம் கேட்ட நான், கறி ஐந்து மணி நேரம் வெயிலில் கிடந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

நம் ஊரும் கறியும்

தங்கவயலில் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை ஏற்றதிலிருந்து, வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து நம் முன்னோர் இங்கே வந்தார்கள். வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இருந்ததால் ஆட்டுக்கறி, கோழியோடு பன்றிக்கறி, பேக்கன், ஹாம் எல்லாமே இந்த ஊருக்குப் பழக்கமாயின. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் நம் பிள்ளைகள் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கடைத்தெருவில் நின்று கறி பார்த்து வாங்க அவர்களுக்கு நேரமில்லை. சூப்பர் மார்க்கெட்டுப் பொட்டலம் வீட்டுக்குள் வந்தது இப்படித்தான். பொட்டலம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை நம்புவதற்கும், தெருக்கோடிக் கறிக்கடையை நம்புவதற்கும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே: எப்போது வெட்டியது? யார் சோதித்தது? அதன் பிறகு எங்கே, எந்தக் குளிரில் இருந்தது?

ஆட்டுக்கறி

வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் பார்த்து, கறியின் மேல் முத்திரை குத்துவதே முறை. கடையில் முத்திரை எங்கே என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டியதில்லை. எங்கள் கறிக்கடைக்காரரிடம் நான், "பாய், எத்தனை மணிக்கு வெட்டினது?" என்பேன். "காலை அஞ்சு மணிக்கு சார், தொட்டுப் பாருங்க" என்பார். பதில் சொல்லத் தயங்குகிறவர் கடையை விட்டு நகர்ந்துவிட வேண்டும்.

ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு விரிசலைக் கண்டுபிடிப்போம். கறிக்கு விரல்தான் சுத்தியல். அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். பிசுபிசுப்போ, புளித்த வாடையோ கூடாது. கொழுப்பு வெள்ளையாகவும் கெட்டியாகவும் இருந்தால் இளம் ஆடு. மஞ்சள் ஓடி, நார் தடித்திருந்தால் கிழடு. வெள்ளாடா செம்மறியா என்ற சந்தேகம் வந்தால் வாலைப் பாருங்கள். வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி நிற்கும். செம்மறியின் வால் தொங்கும். நேர்மையான கடைக்காரர் வாலை அறுக்காமல் தொங்கவிடுவார்.

வெட்டிய சில மணி நேரத்தில் கறி விறைத்துக்கொள்ளும். அப்போது சமைத்தால் எத்தனை விசில் வைத்தாலும் ரப்பர்தான். ஒன்று உடனே சமையுங்கள். அல்லது குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்து சமையுங்கள். மெத்தென்று வேகும்.

கோழி

பிராய்லர் சுமார் நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை வந்துவிடும். நாட்டுக்கோழிக்கு ஐந்தாறு மாதம் ஆகும். விலை வித்தியாசத்துக்கு இதுவே காரணம். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா இனம் வீட்டுப் புறக்கடையிலும் வளரும். உயிரோடு வாங்கும்போது கொண்டை சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, மூச்சு இரைக்கிறதா, வால் பக்கம் சுத்தமா என்று பாருங்கள்.

விலையில் ஏமாறாமல் இருக்க ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கிலோ கோழியில் கழிவு போகச் சுமார் 1.3 முதல் 1.4 கிலோ கறிதான் தேறும். உயிர்க்கோழி கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழிக்கு 240 ரூபாய் கொடுத்தால், கறி கிலோவுக்கு 171 முதல் 185 ரூபாய் அடக்கமாகிறது. பொட்டலக் கறியின் விலையை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

பொட்டலம் வாங்கினால், உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஐஸ் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது. நான் செய்த தவறும் அதுதான்.

பன்றிக்கறியும் பேக்கனும்

பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த வெள்ளைப் பன்றியையே வாங்குங்கள். சாக்கடையோரம் திரியும் பன்றியின் சதையில் அரிசிமணி போன்ற வெண்ணிறக் கட்டிகள் இருக்கலாம். அவை நாடாப்புழுவின் குஞ்சுகள். கறி சரியாக வேகாமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். வலிப்பு நோய் வருவது வேறு வழியில்: புழு உள்ளவரின் மலத்திலிருக்கும் முட்டை, கை, தண்ணீர், காய்கறி வழியாக வயிற்றுக்குள் போனால் மூளையைத் தாக்கும். ஆகவே சைவக்காரரும் இதற்குத் தப்பியவர் அல்லர். கறியை நடுவரை வேகவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறியை உப்பும் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்திப் புகையூட்டியது. எடை கூட உப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றுவதும் உண்டு. கல்லில் போட்டதும் வெள்ளை நுரையும் தண்ணீரும் கக்கினால், தண்ணீருக்கும் நீங்கள் விலை கொடுத்திருக்கிறீர்கள். நைட்ரைட்டை வீட்டில் கைப்பிடி அளவாகப் போட்டுப் பார்க்கவே கூடாது. அளவு மீறினால் விஷம். பதப்படுத்திய கறி புற்றுநோய்க்குக் காரணம் என உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனம் 2015-ல் வகைப்படுத்தியது. ஆகவே கிறிஸ்துமஸ் காலை உணவுக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரிக்கு வேண்டாம்.

வீடு வரும் வழி

எவ்வளவு நல்ல கறியையும் வழியில் கெடுத்துவிடலாம். வெளியில் இரண்டு மணி நேரம், கடும் வெயிலில் ஒரு மணி நேரம்: அவ்வளவுதான் தவணை. குளிர்பெட்டி 4 டிகிரிக்குள், உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். இளகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். கோழியைக் குழாயடியில் அலசினால் கிருமி சுற்றிலும் தெறிக்கும். மஞ்சள் தடவிக் கழுவுவது நம் வழக்கம் என்றாலும், கிருமியைக் கொல்வது அடுப்புதான்.

பயிற்சி

வருகிற ஞாயிறு உங்கள் தெருக் கறிக்கடைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மூன்று கேள்விகளையும் அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். விரலால் அழுத்திப் பார்க்கட்டும். கிளம்பிய நேரத்தையும் கறி குளிர்பெட்டிக்குள் போன நேரத்தையும் ஒரு தாளில் எழுதட்டும். என் பேத்திக்கு இப்போது பதினாறு வயது. கடைக்குப் போகும்போது பையில் ஐஸ் கட்டியும் கையில் கடிகாரமும் இல்லாமல் என்னை அவள் வெளியே விடுவதில்லை.